ஏழாம் வகுப்பில் கொரிய வரலாற்றுப் புதினம்: கிம்ச்சி நாளாக முடிந்துவிடாமல் நடத்துவது எப்படி?

கரும்பலகை
ஏழாம் வகுப்பு, 34 பேர், 40 நிமிடத்தில் 12 பாடவேளை. கொரியப் பண்பாட்டை ஒரு வரலாற்றுப் புதினம் வழியாக நடத்தவேண்டும். கையில் இருப்பவை லிண்டா சூ பார்க் எழுதிய இரண்டு ஆங்கிலப் புதினங்கள். 'எ சிங்கிள் ஷார்ட்' (2002இல் நியூபெரி பதக்கம் பெற்றது) 12ஆம் நூற்றாண்டுக் குயவர் ஊரில் நடக்கிறது. 'வென் மை நேம் வாஸ் கியோகோ' ஜப்பானிய ஆட்சியின் கடைசி ஐந்தாண்டுகள். எதை எடுப்பது? பிள்ளைகளுக்குக் கொரியா என்றால் பாட்டுக் குழுக்கள், தொடர்கள், ராமியன் (உடனடி நூடுல்ஸ்). பாடம் முடியும்போது காகித ஹன்பொக்கும் (மரபு உடை) கிம்ச்சியும் (புளிக்கவைத்த காய்கறி) மட்டும் மிஞ்சக் கூடாது.

பழையஏடு
ஏழாம் வகுப்புக்கு முதலாவது. இரண்டாவது எட்டாம் வகுப்புச் சரக்கு, அதைப் பிறகு பேசலாம்.

முதல் வேலையாக 'கொரியப் பண்பாடு' என்ற தலைப்பை அழித்துவிடுங்கள். பலகையில் 'கோர்யோ, 12ஆம் நூற்றாண்டு, மேற்குக் கடலோரக் குயவர் ஊர்' என்று எழுதி, 12 வேளையும் அழிக்காமல் வைத்திருங்கள். பாடம் கெடுவதே இங்கேதான். தொடர்களில் பிள்ளைகள் பார்ப்பது பெரும்பாலும் சோசன் காலம் (1392–1897). புதினம் நடப்பது அதற்கு முந்திய கோர்யோவில் (918–1392). இரண்டும் ஒன்றல்ல. கோர்யோ அரசு பௌத்தத்தை ஆதரித்தது; மகளுக்கும் மகனுக்கும் சொத்தில் பங்கு உண்டு; மணமான பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்குவது சாதாரணம். 'பெண்களை மதிலுக்குள் பூட்டிவைத்த கொரியா' என்று நாம் எண்ணுவது, கன்பூசிய நெறி இறுகிய பிற்காலச் சோசன்.

அந்த ஊரில் இல்லாதவற்றை முதல் வேளையிலேயே சொல்லிவிடுவது நல்லது. மிளகாய் இல்லை, அது 16ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகுதான் வந்தது (நம் அடுக்களையிலும் கதை அதேதான், போர்ச்சுக்கீசியர் வரும்வரை மிளகுதான்). ஹங்குல் எழுத்து இல்லை, அது 1443இல் உருவாகி 1446இல் அறிவிக்கப்பட்டது. பருத்தி இல்லை, 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூன் இக்-சொம் யுவான் நாட்டிலிருந்து (மங்கோலியர் ஆண்ட சீனம்) விதை கொண்டுவந்த பிறகே அது பரவியது. அதற்கு முன் ஏழைக்குச் சணல் துணி. ஆகவே சிவந்த கிம்ச்சி, ஹங்குலில் பெயர் எழுதும் பயிற்சி, பருத்தித் துணியில் ஹன்பொக் என்று வழக்கமாக வகுப்புகளில் செய்யும் மூன்றும் இந்தப் புதினத்துக்குப் பொருந்தாதவை.

ஆறாம்மணி
அப்படியென்றால் கையால் செய்ய எதுவுமே இல்லையா? இந்த வயதில் 12 வேளையும் வாசிப்பு மட்டும் என்றால் பாதி வகுப்பு தூங்கிவிடும்.

பழையஏடு
உண்டு. முள்ளங்கி. யி கியூ-போ (1168–1241) என்ற கோர்யோக் கவிஞர் முள்ளங்கியை உப்பில் ஊறப்போட்டுக் குளிர்காலத்துக்கு வைப்பதைப் பாடியிருக்கிறார். அரை கிலோ முள்ளங்கியை விரல் தடிப்பில் நறுக்கி, அரை லிட்டர் கொதித்தாறிய நீரில் 25 கிராம் உப்பைக் கரைத்து ஊற்றவேண்டும். மொத்த எடைக்கு இரண்டரை சதவீத உப்பு. அதற்குக் கீழே போனால் கெடும், ஐந்தைத் தாண்டினால் புளிப்பு மெதுவாகவே ஏறும். நம் வெயிலில் இரண்டு நாள் போதும். துண்டுகள் நீர்மட்டத்துக்கு மேலே எட்டிப்பார்த்தால் வெள்ளைப் படலம் கட்டும், அதனால் மேலே ஒரு சின்னக் கிண்ணத்தைப் பாரமாக வைக்கவும். மூடியை இறுக்கிவிட்டு வார இறுதிக்குப் போய்விட்டால் திங்கட்கிழமை அலமாரி முழுக்கத் தண்ணீர். தின்னக் கொடுக்கவேண்டாம், பள்ளியில் அந்த வம்பு எதற்கு. பி.எச். தாள் நனைத்துப் பார்த்தால் 6 அருகிலிருந்து 4 அருகே இறங்குவது தெரியும். அறிவியல் ஆசிரியரும் சேர்ந்துகொள்வார்.

நூலகத்துப்பூனை
வரைபடம் போடும் அன்று ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். புதினத்தில் வரும் ஊர்ப் பெயர்களைக் கணினி வரைபடத்தில் தேடினால் சில கிடைக்காது. புத்தகம் பின்பற்றுவது 1930களில் உருவான மக்யூன்-ரைஷவர் ஒலிபெயர்ப்பை ஒட்டிய பழைய எழுத்துமுறை. தென்கொரிய அரசு 2000இல் புதிய முறைக்கு மாறிவிட்டது. புத்தகத்தில் P எழுத்தில் தொடங்கும் புயோ என்ற ஊர், வரைபடத்தில் B எழுத்தில் இருக்கும். கோர்யோவுக்கும் அதே கதி: பழைய முறையில் K, புதிய முறையில் G. கதாநாயகனின் ஊர் இன்றைய வரைபடத்தில் சுல்போ. வடசொல்லா மாகாணத்து (2024 முதல் அதன் பெயர் ஜொன்புக், Jeonbuk) பூவான் மாவட்டத்தில் தேடுங்கள்.

இதில் தமிழுக்கு ஒரு வசதி. கொரிய மொழியில் க, த, ப, ச வரிசை எழுத்துகள் சொல்லின் தொடக்கத்தில் வன்மையாகவும் இரண்டு உயிர்களுக்கு இடையில் மென்மையாகவும் ஒலிக்கும். நம் எழுத்தும் அப்படித்தானே? அதனால் பெயர்களைத் தமிழில் எழுதிவைத்தால் பிள்ளைகள் ஆங்கிலத்தைவிடச் சரியாகவே வாசிப்பார்கள். ஊதி ஒலிக்கும் எழுத்துகளை மட்டும் தமிழில் பிரித்துக் காட்ட முடியாது, அதை விட்டுவிடலாம்.

கதையில் சிறுவன் குயவரின் பாண்டத்தோடு தலைநகருக்குப் போகும் பயணத்தையும் வரைபடத்தில் கோடு போட வையுங்கள். சுல்போவிலிருந்து தலைநகர் சோங்தோவுக்கு, அதாவது இன்றைய கேசோங்குக்கு, நேர்கோட்டிலேயே சுமார் 260 கிலோமீட்டர். கோடு போட்டு முடிக்கும்போது யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: 'நடுவில் எல்லை வருகிறதே?' கேசோங் இன்று வடகொரியா. கொரியாவை 1945இல் இரண்டாகப் பிரித்த 38ஆம் இணைகோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால் 1945 முதல் 1950 வரை அது தெற்கின் பக்கம் இருந்தது. 1953 போர்நிறுத்தத்துக்குப் பின் வடக்கில். கதையில் சிறுவன் நடந்தே போன வழியை இன்று யாரும் நடந்து கடக்க முடியாது. கேள்வி வரும்வரை நீங்களாகச் சொல்லாதீர்கள்.

உலைக்களம்
மண்பாண்டம் பற்றி யாரும் பேசவில்லையே, புதினத்தின் முதுகெலும்பே அதுதான். கதாநாயகச் சிறுவன் 'மரக்காது' (ஆங்கிலத்தில் ட்ரீ-இயர்) மாதக்கணக்கில் செய்வது விறகு வெட்டுவதும் மண்ணை அரிப்பதும். சக்கரத்தில் உட்கார விடமாட்டார்கள். பிள்ளைகளுக்கு அந்த அலுப்பின் காரணம் புரியவேண்டும்.

ஒரு லிட்டர் ஒளிபுகும் புட்டியில் கால் பங்கு தோட்டத்து மண், முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மேசையில் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் இறங்கும். வண்டல் இரண்டு மணி நேரத்தில். களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். மேலே நிற்கும் அந்தக் கலங்கலை வடித்தெடுத்து, படியவிட்டு, மறுபடி வடித்து, விரல்களுக்கிடையில் துகளே தட்டாத அளவுக்குக் கொண்டுவருவதுதான் அவன் வேலை. புட்டியைப் பார்த்த பிறகு 'ஏன் இத்தனை நாள்' என்ற கேள்வியே எழாது.

அடுத்தது சங்காம், அதாவது கீறிப் பதிக்கும் வேலை. கோர்யோக் குயவர்கள் 12ஆம் நூற்றாண்டில் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். தலைக்கு 200–250 கிராம் களிமண் போதும். 10க்கு 10 சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் தடிப்பில் ஒரு ஓடு வரும். தோல் பதத்துக்கு உலரவிடவேண்டும்: நகம் அழுத்தினால் தடம் விழும், விரலில் ஒட்டாது. கோட்டை 2 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீறி, வெள்ளைக் களிக்குழம்பைப் பள்ளத்தில் நிரப்பி, அது இறுகியதும் தகடால் மேற்பரப்பைச் சுரண்டினால் கோடு மட்டும் வெள்ளையாக நிற்கும்.

இங்கே கெடுவது இரண்டு இடத்தில். குழம்பு தண்ணியாக இருந்தால் காயும்போது சுருங்கிப் பள்ளத்தின் ஓரத்தில் விரிசல் விடும். தயிர்ப் பதத்தில் வைத்து இரண்டு மூன்று தடவையாக நிரப்பவும். ஈரத்திலேயே சுரண்டினால் வெள்ளை எல்லாம் இழுபட்டு ஓடு முழுக்கப் பால் சிந்தியதுபோல் ஆகும். 34 பேரில் பத்துப் பேராவது பொறுமை இழந்து இப்படிச் செய்வார்கள். அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள், புதினத்தில் குயவர் மின் தன் பாண்டங்களைத் தானே உடைக்கும் இடம் வரும்போது தேவைப்படும்.

கரும்பலகை
சூளை இல்லை. சுடாமல் விட்டால் நிறம் பச்சையாக வராதே?

உலைக்களம்
வராது. பச்சை வண்ணம் பூசி ஏமாற்றவும் வேண்டாம். அந்தப் பச்சை சாயமல்ல என்பதுதான் பாடம். மெருகில் ஒன்றிலிருந்து மூன்று சதவீத அளவில் இரும்பு ஆக்சைடு இருக்கும். சூளைக்குள் உயிர்வாயுவைக் குறைத்து 1200 டிகிரிக்கு மேல் சுட்டால் அது சாம்பல் கலந்த பச்சை தரும். எங்காவது காற்று புகுந்தால் மஞ்சள், பழுப்பு. மின்னின் முதல் சுடலில் பழுப்புக் கறை விழுந்தது ஏன் என்று பிள்ளைகளே ஊகிக்கட்டும். 1123இல் கோர்யோ வந்த சீனத்துச் சோங் நாட்டுத் தூதர் சூ சிங் இந்த நிறத்தைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார், கொரியர்கள் 'பிசேக்' என்று சொல்வதாக. படம் காட்டவேண்டுமென்றால் சியோலில் கான்சோங் அருங்காட்சியகத்துச் சாடியைக் காட்டுங்கள்: முகிலும் கொக்குகளும் பதித்தது, தென்கொரியாவின் தேசியப் பொக்கிஷம் (2021 வரை எண் 68).

தேன்சிட்டு
கொக்கு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். புதினத்தில் பாலத்தடியில் வாழும் முதியவரை 'கொக்கு மனிதர்' என்று மொழிபெயர்த்தால் நம் பிள்ளைகளுக்கு 'ஓடுமீன் ஓட' நினைவு வரும்: ஒற்றைக்காலில் நின்று சமயம் பார்க்கும் பறவை. கொரியாவில் அந்தப் பறவை நீண்ட ஆயுளுக்கும் உயர்குணத்துக்கும் அடையாளம். ஊனமுற்ற காலோடு வறுமையில் வாழ்பவருக்கு அந்தப் பெயர் என்பதில் இருக்கும் பெருமிதம் தமிழில் நழுவிப்போகும். ஒரு வரி விளக்கிவிட்டால் போதும். மரக்காது என்ற பெயரும் அப்படித்தான். விதையில்லாமல் பட்ட மரத்தில் முளைக்கும் காது வடிவக் காளானின் பெயர், பெற்றோர் இன்னாரென்று தெரியாத பிள்ளைக்கு.

பண்பாடு உண்மையில் நிற்பது விளிச்சொற்களில். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. கொரிய மொழியில் வினைமுடிவே உறவைச் சொல்லிவிடும். ஆகவே ஒரு முழு வேளையை இதற்கு ஒதுக்குங்கள். ஆங்கில உரையாடல் ஒரு பக்கத்தை எடுத்து, சிறுவன் குயவரிடம், குயவர் சிறுவனிடம், குயவர் அரண்மனைத் தூதரிடம் என்று மூன்று உறவுக்கும் தமிழில் எழுதச் சொல்லுங்கள். நீ, நீங்கள், தாங்கள், டேய் எல்லாம் தானாக வந்து விழும். எந்த இடத்தில் தயங்குகிறார்கள் என்று பாருங்கள், அங்கேதான் விவாதம்.

கொரிய மொழியில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதற்கு ஒரு மரியாதை, யாரிடம் பேசுகிறோம் என்பதற்கு இன்னொரு மரியாதை. இரண்டும் தனித்தனி உருபுகள். புரியவைக்கக் கொங்குத் தமிழே போதும்: 'தம்பி வந்தானுங்க.' வந்தவனுக்கு மரியாதை இல்லை, கேட்பவருக்கு உண்டு. 'வாத்தியார் வந்தார்டா' தலைகீழ்.

நூலகத்துப்பூனை
குயவரின் மனைவியை அவன் 'அஜிமா' என்று கூப்பிடும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதையில் அது 'அத்தை', 'சித்தி' போன்ற நெருக்கம். அதையே இன்று சியோல் வீதியில் முன்பின் தெரியாத பெண்ணிடம் 'அஜுமா' என்று சொன்னால் முறைப்பார்கள், 'ஏ கிழவி' என்பதற்குப் பக்கத்தில் போய்விட்டது. வகுப்பில் கொரியப் பிள்ளை இருந்தால் இந்த இடத்தில் சிரிக்கும். அந்தப் பிள்ளையை எழுப்பி 'நீயே விளக்கு' என்று கேட்காதீர்கள். 12ஆம் நூற்றாண்டுக் கோர்யோ அந்தப் பிள்ளைக்கும் அந்நியம்தான்.

வேலிக்கள்ளி
தமிழும் கொரியமும் ஒரே மூலம் என்பதை யாரும் சொல்லவில்லையே? அப்பா, அம்மா, நான், நீ எல்லாம் அப்படியே இருக்கிறது. கொரிய அரசி நம் ஊர்ப் பெண் என்பதும் உண்டு. பிள்ளைகளுக்கு ஆர்வம் வர இதைவிட வேறென்ன வேண்டும்?

பழையஏடு
ஆர்வம் வரும், அந்தக் கேள்வியும் வகுப்பில் கட்டாயம் வரும். ஆனால் 'உண்மை' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணமே எழுதினார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அப்பா, அம்மா போன்ற மழலைச் சொற்கள் தொடர்பே இல்லாத மொழிகளிலும் ஒத்திருக்கும். அரசி ஹோ ஹுவாங்-ஓக் கி.பி. 48இல் ஆயுத்தா நாட்டிலிருந்து கடல்வழி வந்தாள் என்று சொல்லும் நூல் 'சம்குக் யூசா'. அது 13ஆம் நூற்றாண்டு நூல். நிகழ்ந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் எழுதிய காலத்துக்கும் 1200 ஆண்டு இடைவெளி. ஆயுத்தா எது என்பதில் அயோத்தி, கன்னியாகுமரிப் பக்கம் என்று பல ஊகம். இந்த இடைவெளியைக் கணக்குப் போடவைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

வேலிக்கள்ளி
சரி, கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை :)

ஆறாம்மணி
எட்டாம் வகுப்புக்கு அந்த இன்னொரு புதினம் பற்றி. பெயர் மாற்றத்தை உணரவைக்க ஒரு நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஜப்பானியப் பெயர் கொடுத்து, சொந்தப் பெயரில் கூப்பிட்டால் தண்டம் என்று வைத்தால் என்ன? மனதில் நிற்கும்.

பழையஏடு
வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் அது விளையாட்டாகிவிடும். பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள், 'இவ்வளவுதானா' என்று நினைப்பார்கள். அல்லது ஏற்கெனவே பெயருக்காகக் கேலிக்கு ஆளாகும் பிள்ளை ஒன்று அன்றைக்கு நொறுங்கிப்போகும்.

கொரியரை ஜப்பானிய முறைப் பெயருக்கு மாறவைத்த அந்த ஆணையையே படிக்க வையுங்கள், அதில் இருக்கும் நுணுக்கம் நாடகத்தைவிடக் கனமானது. 1940 பிப்ரவரி 11இல் நடைமுறைக்கு வந்தது, ஆகஸ்ட் 10 வரை ஆறு மாதக் கெடு. கெடுவுக்குள் ஏறத்தாழ 80 சதவீதக் குடும்பங்கள் பதிவு செய்தன. பதிவு செய்யாதவர்கள் தப்பித்தார்களா என்றால் இல்லை: குடும்பத் தலைவரின் பழைய குலப்பெயரே வீட்டுப் பெயராகப் பதிவேட்டில் ஏறியது. கொரிய மரபில் மனைவி தன் தந்தைவழிப் பெயரையே கடைசிவரை வைத்திருப்பாள். ஆக, எதுவும் செய்யாமல் இருந்த வீட்டிலும் பெண்ணின் பெயர் மாறியது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொள்வார்கள்.

கூடவே, மாற்றியவர்கள் பழையதை எப்படி ஒளித்துவைத்தார்கள் என்பது. கிம் என்பதன் சீன எழுத்துக்குப் பொன் என்று பொருள். புதினத்தில் அந்தக் குடும்பம் தேர்ந்தெடுக்கும் கனேயாமா, பொன்மலை.

தேன்சிட்டு
இளம்பெண்களைத் தொழிற்சாலை வேலை என்று அழைத்துச் செல்லும் பகுதி அதில் வருகிறது. பெற்றோருக்கு ஒரு வாரம் முன்பே குறிப்பு அனுப்பிவிடுவது நல்லது. பிள்ளைகள் கேட்டால், 'ஏமாற்றி அழைத்துப் போனார்கள், இராணுவத்தினர் அவர்களைக் கொடுமைப்படுத்தினார்கள், பிழைத்தவர்களும் பல பத்தாண்டுகள் வாய்திறக்க முடியவில்லை' என்ற அளவு உண்மை போதும். 1991 ஆகஸ்ட் 14இல் பிழைத்தவர்களில் ஒருவரான கிம் ஹாக்-சுன் தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் சாட்சி சொன்னதைச் சேர்க்கலாம். 'அது கதைதான்' என்று மழுப்புவது மோசம். கதையல்ல.

கரும்பலகை
முதல் புதினத்தையே எடுக்கிறேன். மதிப்பீட்டுக்கு என்ன செய்வது? 'கதைச்சுருக்கம் எழுதுக' என்று கேட்க மனமில்லை.

நூலகத்துப்பூனை
மூன்று நிறம். ஒரு அத்தியாயத்தின் நகலைக் கொடுத்து, பதிவில் இருப்பதை நீலத்திலும் ஊர்வழக்குக் கதையைப் பச்சையிலும் ஆசிரியரின் கற்பனையைப் பென்சிலிலும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். புயோ மலைமுகட்டுக் காட்சி இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். பெக்சே அரசு 660இல் வீழ்ந்தது, நீலம். மூவாயிரம் அரண்மனைப் பெண்கள் அங்கிருந்து குதித்தார்கள், பச்சை. கொள்ளையர் சாடியை எறிவது, பென்சில். மூவாயிரத்தை நீலத்தில் கோடிடும் பிள்ளைகள்தான் அதிகமாக இருப்பார்கள். எண் சொன்னால் வரலாறு என்று நினைக்கும் வழக்கம்.

முடிவில் மரக்காதுக்குக் கிடைக்கும் புதுப்பெயரையும் கேள்வியாக வையுங்கள். ஹியுங்-பில். இறந்துபோன மகனின் பெயர் ஹியுங்-கு. உடன்பிறந்தவர்கள் ஓர் அசையைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு, 'மகனாக ஏற்றுக்கொண்டோம்' என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. நான்கு வரி விடை போதும்.

பழையஏடு
எழுத்துப் பயிற்சிக்கு: குயவர் வீட்டில் ஒரு சாப்பாட்டு வேளை, 150 சொல், குறைந்தது ஐந்து பொருள், ஒவ்வொன்றும் அன்று இருந்ததா என்று ஓரத்தில் ஒரு வரி. மிளகாய், உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் வந்தால் அரை மதிப்பெண் குறையும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள்.

கரும்பலகை
தினை?

பழையஏடு
தினை தாராளமாக. ஏழை வீட்டில் அரிசியைவிட அதுவே அதிகம்.